ஹைலண்ட் கிரீக்: ஸ்காபரோ மழை போகும் வழி

கனடாவில் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் பல வருடம் குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். றூஜ் ஆறு தெரியும், ஏரிக்கரையில் செங்குத்தாக நிற்கிற பிளஃப்ஸ் தெரியும், கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். ஹைலண்ட் கிரீக் எங்கே ஓடுகிறது என்றால் "யூனிவர்சிற்றிப் பக்கம்" என்பார்கள். அதுவும் சரிதான். ஆனால் மல்வேர்னில் இருந்தாலும், பெண்டேலில் இருந்தாலும், மார்க்கம் வீதியில் கடை வைத்திருந்தாலும், அவர்களுடைய கூரையில் விழுகிற மழை அநேகமாக இந்த ஓடைக்குத்தான் போகிறது. ஏறக்குறைய பாதி ஸ்காபரோவின் மழைநீர் இதற்குள் வடிகிறது. வடக்கே மார்க்கம் நகரத்தின் சிறு துண்டு ஒன்றைத் தவிர இதன் வடிநிலம் முழுவதும் ரொறன்ரோ மாநகர எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பரப்பு சுமார் 100 சதுர கிலோமீற்றர். அதற்குள் மூன்றரை இலட்சம் பேர்வரை வாழ்கிறார்கள்.

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள மற்ற ஆறுகளோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் நிலைமை விளங்கும். ஹம்பர், டொன், றூஜ் மூன்றுக்கும் தலைமாடு நகரத்துக்கு வெளியே, வடக்கே உயர்ந்து கிடக்கும் ஓக் ரிட்ஜஸ் மணல்மேட்டில் இருக்கிறது. அங்கே காடும் வயலும் இன்னும் மிச்சமுண்டு. மழை மண்ணுக்குள் இறங்கி, ஊற்றாகி, ஆறு நகரத்துக்குள் நுழையும்போது கொஞ்சமாவது நல்ல தண்ணீரோடு வருகிறது. ஹைலண்ட் கிரீக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது தொடங்குவதும் நகரத்துக்குள், முடிவதும் நகரத்துக்குள். வடிநிலத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் வீடும் வீதியும் கார் தரிப்பிடமும் தொழிற்பேட்டையும்தான். இந்த வட்டாரத்து ஓடைகளில் இவ்வளவு தூரம் கட்டடத்துக்குள் அகப்பட்டது வேறில்லை என்று சொல்லலாம்.

வரைபடத்தில் பார்த்தால் ஒரு கையின் விரல்கள்போல் பல கிளைகள் தெரியும். மேற்கே பெண்டேல், டோர்செற் பார்க் பக்கமிருந்து வருபவை மேற்கு ஹைலண்ட் கிரீக் ஆகின்றன. வடக்கே மல்வேர்ன் கிளையும் மார்க்கம் கிளையும். எல்லாம் மோர்னிங்சைட் பூங்காப் பக்கம் ஒன்றுசேர்ந்து, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தின் அடிவாரத்தைச் சுற்றி, பழைய கிங்ஸ்ரன் வீதியைக் கடந்து, கேர்ணல் டான்ஃபோர்த் பூங்கா வழியாக ஒன்ராறியோ ஏரியில் விழுகின்றன. மேல்பகுதியில் பல கிளைகள் காங்கிரீட் வாய்க்கால்களாகவே கிடக்கின்றன. சில நிலத்துக்கடியில் குழாயில் ஓடுகின்றன. வேலிக்குப் பின்னால் இருக்கிற அந்த நீளமான சிமெந்துத் தொட்டியைத் தினமும் கடந்து போகிறவர்கள்கூட அதை ஓடை என்று நினைப்பதில்லை. கீழ்ப்பகுதிக்கு வந்தால் காட்சி மாறிவிடும். ஆழமான பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் செங்குத்துச் சரிவு, மேப்பிளும் ஹெம்லொக்கும், நடுவில் கற்களின்மேல் சலசலத்து ஓடும் தண்ணீர். இரண்டும் ஒரே ஓடை என்று நம்புவதே கஷ்டம்.

பள்ளத்தாக்கு எப்படி வந்தது?

இங்கே கிடப்பது அநேகமாக உறைபனிப் பாளங்கள் கொண்டுவந்து கொட்டிய களியும் மணலும். சுமார் 12,000, 13,000 ஆண்டுகளுக்கு முன்னர் பனிப்பாளம் வடக்கே பின்வாங்கியபோது, இன்றைய ஒன்ராறியோ ஏரியின் இடத்தில் இதைவிடப் பெரிய ஏரி ஒன்று இருந்தது. புவியியலாளர்கள் அதை இறொக்குவா ஏரி என்கிறார்கள். அதன் நீர்மட்டம் இன்றைய ஏரியைவிட ஐம்பது மீற்றருக்கு மேல் உயரமாக இருந்தது. பழைய கரையோரம் இப்போதும் ஸ்காபரோவுக்குக் குறுக்கே ஒரு மேடாகத் தெரியும். பனித்தடை உடைந்து அந்த ஏரி சட்டென்று வற்றியதும், வடக்கிலிருந்து வந்த ஓடைகளுக்குத் திடீரென்று கீழே இறங்க நிறைய இடம் கிடைத்தது. இளகிய களியையும் மணலையும் அறுத்துக்கொண்டு இறங்கின. பள்ளத்தாக்கு அப்படி உண்டானதுதான். பிளஃப்ஸ் என்று நாங்கள் போய்ப் பார்க்கிற வெள்ளைச் சுவர்களும் இதே மண்தான். அந்தச் செங்குத்துக் கரை கிழக்கே வந்து தணிந்துபோகிற இடத்தில்தான் ஹைலண்ட் கிரீக் ஏரிக்குள் இறங்குகிறது.

இந்த மண்ணின் குணத்தை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும். பாறை கிடையாது. தண்ணீர் வேகமெடுத்தால் கரைந்துபோகிற மண்.

மனிதர்கள் இந்த ஓடைக்கரைக்கு வந்தது நேற்றைய கதையல்ல. 1956இல் பெண்டேலுக்குக் கிழக்கே வீட்டுத்திட்டம் ஒன்றுக்காக ஒரு மேட்டைத் தோண்டியபோது எலும்புகள் கிளம்பின. பூர்வகுடிகளான வென்டாற் மக்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் தங்கள் இறந்தவர்களை ஒன்றாகச் சேர்த்து அடக்கம் செய்த இடம் அது. ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களின் எச்சங்கள் இருந்தன. மேடு அப்படியே விடப்பட்டது. ரேபர் ஹில் என்ற பெயரில் இன்றும் வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. வெள்ளையர்களில் முதல் குடியேறிகள் என்று சொல்லப்படும் டேவிட், மேரி தொம்சன் தம்பதியும் 1790களின் இறுதியில் வந்து இறங்கியது மேற்கு ஹைலண்ட் கிரீக் கரையில்தான். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மர ஆலை, மா ஆலை என்று ஓடையின் ஓட்டத்தை நம்பிப் பல வந்தன. ஆலைக்கு அணை, அணைக்கு மேலே குளம். மீனுக்கு அது என்ன செய்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

கூரையும் குழாயும்

ஓடையின் இன்றைய முகத்தைத் தீர்மானித்தது 1950களும் 60களும்தான். 1951இல் ஸ்காபரோவின் சனத்தொகை ஐம்பதாயிரத்துச் சொச்சம். பத்தே வருடத்தில் அது இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. வயல்கள் ஒவ்வொன்றாக வீட்டுத்திட்டங்களாகின. அந்தக் காலத்துப் பொறியியலாளர்களுக்கு மழைநீர் என்பது எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அப்புறப்படுத்த வேண்டிய ஒன்று. கூரையில் விழுந்தது பீலிக்குப் போக, பீலியில் இருந்து நிலத்தடிக் குழாய்க்குப் போக, குழாயில் இருந்து நேரே ஓடைக்குப் போக வழி செய்தார்கள். நடுவில் தேக்கிவைக்கக் குளம் கட்டும் பழக்கம் பின்னால்தான் வந்தது. அதற்குள் ஹைலண்ட் கிரீக்கின் வடிநிலம் பெரும்பாலும் கட்டி முடிந்துவிட்டது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து நம்மவர்கள் இங்கே வந்து மாடிக்கட்டடங்களில் வாடகைக்கு இறங்கியபோது இந்த வேலையெல்லாம் முடிந்து வருடங்களாகியிருந்தன.

இதனால் என்ன ஆகிறது? வயலில் பெய்யும் மழையில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கும். அங்கிருந்து நாட்கணக்கில், வாரக்கணக்கில் மெல்லக் கசிந்து ஓடைக்கு வரும். தாரிலும் காங்கிரீட்டிலும் பெய்வது அப்படி இறங்காது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் ஒன்றாக ஓடைக்குள் வந்து விழும். மழை நின்றதும் ஓடையும் சட்டென்று வடிந்துவிடும். மண்ணுக்குள் இறங்காத தண்ணீர் பிறகு ஊறி வரவும் முடியாதே. ஆகவே ஓகஸ்ட் மாதத்தில் கணுக்கால் நனையாமல் கல்லில் கால்வைத்துக் கடக்கிற அதே இடத்தில், ஒரு பின்னேர இடிமழைக்குப் பிறகு பால்தேத்தண்ணி நிறத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகும். அடுத்த நாள் போய்ப் பாருங்கள். ஓடை மறுபடி சாதுவாக இருக்கும். ஆனால் கரையில் நிற்கிற வில்லோ மரங்களின் கிளைகளில், உங்கள் நெஞ்சு உயரத்தில், பிளாஸ்ரிக் பைகளும் புல்லும் சுற்றிக்கொண்டு தொங்கும். முதல் நாள் தண்ணீர் எதுவரை வந்தது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் வேண்டாம்.

வேகமாக வருகிற இந்தத் தண்ணீர் இளகிய மண்ணை அறுக்கிறது. ஓடை அகலமாகிறது, ஆழமாகிறது. கரையில் நின்ற மரம் வேரோடு சரிகிறது. அதைத் தடுக்கப் பெரிய பெரிய பாறைத் துண்டுகளைக் கொண்டுவந்து கரையில் அடுக்குகிறார்கள். பழைய இடங்களில் கம்பிக் கூடைக்குள் கற்களை அடைத்துச் சுவராக வைத்திருப்பதையும் பார்க்கலாம்; சில கூடைகள் பிய்ந்து கற்கள் ஓடைக்குள் சிதறிக் கிடக்கும். நடந்து போகிறவர்கள் கண்ணில் படும் இன்னொன்று, தரையோடு இருக்கவேண்டிய கழிவுநீர்க் குழாயின் ஆளிறங்கு குழி, சுற்றியிருந்த மண் போனதால் சிமெந்துத் தூணாக வெளியே நிற்பது. பாதசாரிக்கு அது ஏதோ பழைய கோபுரம் மாதிரித் தெரியும். நகரப் பொறியியலாளருக்கு அது நித்திரை கெடுக்கிற விஷயம்.

இந்த அரிப்பு நீதிமன்றம்வரை போனது என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. ஓடைக்கரையில் 1912இல் தொடங்கிய ஸ்காபரோ கோல்ஃப் கழகம் இருக்கிறது. கனடிய ஓப்பன் போட்டி நான்கு தடவை நடந்த பழைய மைதானம். ஓடை அதற்குள்ளே வளைந்து வளைந்து ஓடுகிறது. 1980களில் அந்தக் கழகம் ஸ்காபரோ நகரசபைமேல் வழக்குப் போட்டது. மேலே வீட்டுத்திட்டங்களுக்கு அனுமதி கொடுத்து, அந்த மழைநீரையெல்லாம் குழாய் வழியாக எங்கள் ஓடைக்குள் விட்டீர்கள், எங்கள் நிலம் கரைந்து போகிறது என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் கழகத்தின் பக்கம் நின்றது. 1988இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றமும் நகரசபைக்குப் பொறுப்புண்டு என்றே சொன்னது. ஆற்றங்கரை நிலத்துக்காரருக்கு இயற்கையாக வருகிற ஓட்டத்தில் உரிமை உண்டு, மேலே இருப்பவர் அதை அளவுக்கு மீறி மாற்றக்கூடாது என்ற பழைய சட்டக் கொள்கைதான் அடிப்படை. வாய்க்கால் வரம்புத் தகராறுகளைக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பணக்காரக் கழகம் ஒன்று வழக்காடியது என்று இதைத் தள்ளிவிடலாம்தான். என் பார்வையில் ஹைலண்ட் கிரீக்கைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இந்தத் தீர்ப்புத்தான் விஷயத்தைத் தெளிவாகப் போட்டு உடைக்கிறது. கீழே நடக்கிற சேதத்துக்குக் காரணம் மேலே இருக்கிற சாதாரண வீடுகள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வருவது கொஞ்சத் தண்ணீர்தான்.

ரொறன்ரோ மாநகரசபை பின்னர் பீலிக் குழாய்களை நிலத்தடி வடிகாலில் இருந்து கழற்றி, தண்ணீரைப் புல்தரையில் விடவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. கட்டம் கட்டமாக வந்து 2016 முடிவில் நகரம் முழுவதற்கும் அது பொருந்தியது. வீட்டின் மூலையில் பீலிக் குழாய் முழங்கைபோல் வளைந்து புல்லுக்குள் தண்ணீர் கக்குவது அதனால்தான். 2024இல் தாரும் காங்கிரீட்டும் போட்ட பரப்புக்கு ஏற்ப வீட்டுக்காரரிடம் மழைநீர்க் கட்டணம் வாங்கலாமா என்று கருத்துக் கேட்கத் தொடங்கினார்கள். "மழைக்கும் வரியா?" என்று கிளம்பிய எதிர்ப்பில் அது நின்றுபோனது. பக்கத்து மிசிசாகாவில் அப்படியொரு கட்டணம் 2016 முதல் இருக்கிறது. கார் நிறுத்த முன்வளவு முழுவதையும் கல் பதித்து மூடுவது நம்மவர்களிடையே பெரிய மோகமாக இருப்பதால், இந்தப் பேச்சு மறுபடி வரும்போது நாங்களும் காது கொடுத்துக் கேட்பது நல்லது.

பூங்கா எங்கிருந்து வந்தது?

இவ்வளவு நெருக்கமாகக் கட்டிய புறநகரில், அதுவும் ஏரிக்குப் பக்கத்தில், கிலோமீற்றர் கணக்கில் பள்ளத்தாக்கு காலியாக எப்படிக் கிடக்கிறது? யாரோ தீர்க்கதரிசி பூங்காவுக்காக ஒதுக்கிவைத்தார் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பங்கு ஒரு புயலுக்குச் சேரும்.

1954 ஒக்ரோபர் 15ஆம் திகதி இரவு ஹேசல் சூறாவளி தெற்கு ஒன்ராறியோவைத் தாக்கியது. ஏற்கெனவே மழையில் ஊறிப்போயிருந்த நிலம் மேலும் தண்ணீரைக் குடிக்கவில்லை. கனடாவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் றேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேர் போனார்கள். அதுவரை ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டி இருப்பது சாதாரண விஷயம். புயலுக்குப் பிறகு அரசாங்கம் வெள்ளம் வரும் நிலங்களை வாங்கத் தொடங்கியது. 1957இல் நான்கு சிறு அமைப்புகளைச் சேர்த்து, இன்று ரி.ஆர்.சி.ஏ. என்று எல்லோரும் சொல்கிற ரொறன்ரோ வட்டாரப் பாதுகாப்பு அதிகாரசபையை உண்டாக்கினார்கள்.

அன்றிலிருந்து இங்கே வெள்ளச் சமவெளியின் எல்லையைக் கணக்கிடும் முறை சுவாரசியமானது. ஹேசல் கொட்டிய மழை இந்த ஓடையின் வடிநிலத்தின்மேல் அப்படியே கொட்டினால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று பார்க்கிறார்கள். அந்தக் கோட்டுக்குள் புதிதாகக் கட்ட அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. வீடு கட்ட முடியாத நிலத்தில் பூங்கா வந்தது, நடைபாதை வந்தது. கோடையில் மோர்னிங்சைட் பூங்காவில் கிரிக்கெற் விளையாடத் தோதாகப் பரந்து கிடக்கிற அந்தப் புல்வெளி ஏன் அவ்வளவு சமதளமாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? வெள்ளம் வரும்போதெல்லாம் ஓடை கொண்டுவந்து பரப்பிய வண்டல் அது.

பள்ளத்தாக்கை விரும்பியவர்கள் பூங்காக்காரர்கள் மட்டுமில்லை. கழிவுநீர்க் குழாய் போடுகிறவர்களுக்கும் பள்ளத்தாக்குப் பிடிக்கும். பம்ப் வைக்காமல் தண்ணீர் தானாகச் சரிவில் ஓடிவிடும். அதனால் ஸ்காபரோவின் பெரிய கழிவுநீர்க் குழாய்கள் ஓடையோடு ஒட்டியே போகின்றன. அவை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்தில் போய் முடிகின்றன. ரொறன்ரோவின் நான்கு நிலையங்களில் ஒன்றான அது 1956இல் இயங்கத் தொடங்கியது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் நடைபாதையிலேயே தெரிந்துவிடும், வரைபடம் தேவையில்லை.

ஓடை இடம்பெயர்கிறது, குழாய் இடம்பெயர முடியாது. 2005 ஓகஸ்ட் 19ஆம் திகதி பின்னேரம் ரொறன்ரோவின் வடபகுதியில் சில மணி நேரத்துக்குள் நூறு மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. மேற்கே பிளாக் கிரீக்கில் ஃபிஞ்ச் அவெனியூ வீதியே அறுந்து விழுந்த படம் பத்திரிகைகளில் வந்தது. ஹைலண்ட் கிரீக்கில் அன்று கரைகள் அறுந்தன, நடைபாலங்கள் அடிபட்டன, கழிவுநீர்க் குழாய்கள் சேதமாகின. பிறகு வந்த திருத்தவேலைகளில் சிந்தனையும் கொஞ்சம் மாறியது. சிமெந்துச் சுவர் எழுப்பி ஓடையை அடக்குவதற்குப் பதிலாக, வளைவும் கல்படுகையும் மடுவும் வைத்து, வெள்ளம் பக்கத்தில் ஏறிப் பரவ இடம் விட்டு அமைக்கிறார்கள். பெரிய கற்கள் ஒழுங்காக, ஏதோ திட்டத்தோடு வைத்ததுபோல் கிடக்கிற இடங்களைக் கண்டால் அது அநேகமாக இந்த வேலைதான்.

போய்ப் பார்க்கிறவர்களுக்கு

நம்மவர்களில் பலருக்கு இந்தப் பள்ளத்தாக்கு அறிமுகமானது ஒன்றுகூடலில்தான். ஜூனில் தொடங்கினால் செப்ரெம்பர்வரை சனி ஞாயிறுகளில் ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று மோர்னிங்சைட், தொம்சன் பூங்காக்களில் யாராவது கூடியிருப்பார்கள். மரத்தில் பாடசாலைக் கொடி, ஒரு பக்கம் சிறுவர்களுக்குச் சாக்கோட்டம், இன்னொரு பக்கம் கயிறிழுத்தல், அதற்குள் ஒலிவாங்கியை விடாமல் பிடித்திருக்கும் ஒருவர். மத்தியானம் தாண்டினால் பெரிய பானையில் ஒடியற்கூழ் கொதிக்கும். பிளாவுக்குப் பதிலாகக் கடதாசிக் கோப்பை. நண்டுக்கால் அதற்குள் அடங்காமல் எட்டிப்பார்க்கும். 25 பேருக்கு மேல் கூடுவதென்றால் மாநகரசபையிடம் அனுமதி எடுக்கவேண்டும். நல்ல இடங்கள் வசந்தகாலம் வருமுன்னரே போய்விடும் என்பதை எந்தச் சங்கச் செயலாளரும் சொல்லுவார்.

கூழ் குடித்தவர்களில் எத்தனை பேர் முப்பது யார் நடந்து ஓடையைப் பார்த்தார்கள் என்பது வேறு கேள்வி.

பார்க்க நல்ல காலம் செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர்வரை. அப்போதுதான் சால்மன் ஏறுகிறது. ஏரியில் மூன்று நான்கு வருடம் வளர்ந்த சினூக் சால்மன், முட்டையிட ஓடைக்குள் எதிர்நீச்சல் போட்டு வரும். மோர்னிங்சைட் பாலத்துக்குக் கீழே ஆழம் குறைந்த இடத்தில் நின்று பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகிய பிறகு, தண்ணீருக்கடியில் கறுத்த மரக்கட்டை என்று நினைத்தது வாலை ஆட்டும். முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிகிற அளவு ஆழமில்லாத இடத்தில், ஒரு கையின் நீளத்துக்கு இருக்கிற மீன் வயிற்றைக் கல்லில் உரசிக்கொண்டு மேலே போகும். பெண்மீன் பக்கவாட்டில் சரிந்து வாலால் அடித்துக் கூழாங்கல்லில் குழி பறிக்கும். ஆண்மீனின் கீழ்த்தாடை கொக்கிபோல் வளைந்திருக்கும். முட்டையிட்டதும் இரண்டும் செத்துவிடும். ஒக்ரோபர் கடைசியில் கரையோரம் நாறும். நரியும் ரக்கூனும் கடற்பறவைகளும் அந்த நாட்களில் நன்றாகச் சாப்பிடுகின்றன.

இது இந்த ஏரிக்குச் சொந்தமான மீன் இல்லை. இங்கே தொன்றுதொட்டு இருந்தது அத்திலாந்திக் சால்மன். காடழிப்பும் ஆலை அணைகளும் அளவில்லாத பிடிப்பும் சேர்ந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அதை ஒன்ராறியோ ஏரியில் இல்லாமல் செய்துவிட்டன. 1960களின் பிற்பகுதியிலிருந்து பசிபிக் பக்கத்துச் சால்மன் இனங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஏரியில் பெருகிவிட்ட ஏல்வைஃப் என்ற சிறுமீனைத் தின்று குறைக்கவும், தூண்டில்காரர்களுக்கு விளையாட்டுக்காகவும்தான். எடுப்பான இறக்குமதி என்று சொல்லலாம். ஆனாலும் இவ்வளவு அடிபட்ட ஓடையில், வீதிப்பாலத்துக்குக் கீழே, பஸ்ஸில் வந்து இறங்கிப் பார்க்கக்கூடிய தூரத்தில் இது நடக்கிறது.

குழம்பு வைக்கலாமா என்பதுதான் எங்கள் ஆட்களின் முதல் கேள்வி. தூண்டில் போட 18 வயதுக்கும் 64க்கும் இடையில் இருப்பவர்களுக்கு மாகாண அனுமதிப் பத்திரம் வேண்டும். எங்கே, எப்போது பிடிக்கலாம் என்பதற்கு மாகாணத்தின் விதிகள் தனியாக இருக்கின்றன; போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். கையால் பிடிப்பது, தூண்டிலால் உடம்பில் கொத்தி இழுப்பது சட்டவிரோதம். எந்த மீனை மாதத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம் என்று அரசாங்கமே வழிகாட்டி ஒன்று வெளியிடுகிறது. பெரிய மீனில் மாசும் கூட என்பதால் அதையும் பார்க்கவேண்டும். முட்டையிட வந்த சினூக்கின் சதை வெளிறி மசிந்துபோயிருக்கும், ருசியும் போயிருக்கும். கடைமீனே நல்லது.

நடக்க விரும்புகிறவர்களுக்கு மோர்னிங்சைட் பூங்காவில் தொடங்கி ஏரிவரை போகும் பாதை போதும். ஆறுதலாக நடந்தால் இரண்டு மணி நேரம். தார் போட்ட பாதை, சைக்கிளும் போகும். வழியில் இடதுபக்கச் சரிவின் உச்சியில் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் இருக்கிறது. 1960களில் ஜோன் அன்ட்றூஸ் வரைந்த அந்த நீண்ட காங்கிரீட் கட்டடம் பள்ளத்தாக்கின் விளிம்போடு வளைந்து போகிறது. தமிழ் இருக்கைக்காக 30 இலட்சம் டொலர் சேர்த்துக் கொடுத்தது இந்த வளாகத்துக்குத்தான். 2021இல் அந்தத் தொகை நிறைந்தது. மேலிருந்து கீழே இறங்க, சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போகக்கூடிய மாதிரி மெல்லிய சரிவில் வளைத்து வளைத்து அரைக் கிலோமீற்றர் பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். முழங்கால் நோவுள்ள அம்மா அப்பாவைக் கூட்டிப்போக இந்தப் பகுதியில் இதைவிட வசதி வேறில்லை. அடிவாரத்தில் இருக்கும் பழைய மில்லர் லாஷ் மாளிகை 1913இல் ஒரு வழக்கறிஞர் கட்டியது; இப்போது கல்யாணங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.

மான் கண்ணில் படுவது அதிசயமில்லை. விடியலிலும் மைமலிலும் வெள்ளைவால் மான்கள் பாதைக்கே வரும். சிறிய ஓநாய் போன்ற கொயோட்டியும் உண்டு; நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போங்கள். நீலக் கொக்கு ஒன்று ஆழமில்லாத இடத்தில் அசையாமல் நிற்கும், மீன்கொத்தி கிறீச்சிட்டுக்கொண்டு ஓடையோடு பறக்கும். மரங்களில் ஆஷ் இனத்தை ஒரு வண்டு அழித்துவிட்டது. நிற்கிறபடியே காய்ந்துபோன மரங்கள் அவைதான். கிழக்கு ஸ்காபரோப் பள்ளத்தாக்குகளில் லைம் நோயைப் பரப்பும் உண்ணி இருக்கிறது என்று நகரச் சுகாதாரப் பிரிவு எச்சரிப்பதால் நீண்ட காற்சட்டை போடுங்கள், உயர்ந்த புல்லுக்குள் இறங்கவேண்டாம், வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் கழுத்து, முழங்கால் மடிப்புப் பக்கம் பாருங்கள்.

ஓடைக்குள் குளிக்க முடியுமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். வீதியில் கிடக்கிற எண்ணெய், நாய்க்கழிவு, மாரியில் கொட்டிய உப்பு எல்லாம் மழையோடு வருவது இங்கேதான். மாரி முடிகிற காலத்தில் இந்தத் தண்ணீரில் குளோரைட் ஏறுவது பெரிய தலையிடி. பனி உருக வீதிக்குப் போடும் உப்பு வேறெங்கே போகும்? கால் நனைப்பதென்றாலும் மழை பெய்து இரண்டு நாளாவது போகட்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போது கரையோரம் நிற்கவே கூடாது. மேலே மார்க்கத்தில் பெய்த மழைக்குக் கீழே வெயில் எறிக்கும்போதே தண்ணீர் ஏறும்.

பாதையின் முடிவில் ரயில் பாலத்துக்குக் கீழாலே போனால் ஏரி திறக்கும். முகத்துவாரத்துக்கு மேலே நடைபாலம் இருக்கிறது. சில நாட்களில் அலை கொண்டுவந்த கூழாங்கல் மேடு ஓடையின் வாயை அரைவாசி மூடியிருக்கும். மழை வந்தால் ஓடை அதை உடைத்துக்கொண்டு போகும். இதுவும் நகரசபை காவலர் போட்டுக் கண்காணிக்கும் நீச்சல் இடம் இல்லை. நீந்த வேண்டுமென்றால் மேற்கே பிளஃபேர்ஸ் பார்க்குக்குப் போங்கள். பாலத்தைக் கடந்து கிழக்கே திரும்பினால் போர்ட் யூனியன் கரையோரப் பூங்கா. ரயில் பாதைக்கும் ஏரிக்கும் நடுவில் கற்களை நிரப்பி உண்டாக்கிய அந்த நடைபாதை றூஜ் ஆற்றின் வாய்வரை நாலு கிலோமீற்றர் அளவுக்குப் போகிறது.

கார் இல்லாதவர்களுக்கு 116 மோர்னிங்சைட் பஸ் பூங்கா வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும். திரும்பி நடக்கப் பஞ்சியென்றால் போர்ட் யூனியன் பக்கம் றூஜ் ஹில் கோ (GO) புறநகர் ரயில் நிலையத்தில் ரயிலோ பஸ்ஸோ பிடிக்கலாம். மாரியில் பாதையின் சில பகுதிகளில் பனி அள்ளமாட்டார்கள், வழுக்கும். அந்த நாட்களில் நல்ல பூட்ஸ் இல்லாமல் இறங்கவேண்டாம்.